தவுல்காரருக்கு மாலை வேண்டாம்

தம்பி, தம்பி, அங்க வேணாம்! அந்தச் செலைக்குப் போடாதீங்க. நடுவுல தலையில கரகம் வச்சுக்கிட்டு நிக்கிறா பாருங்க, அவளுக்குப் போடுங்க மாலைய. எல்லாரும் அவளுக்குத்தான் போடுவாக. தவுலு வச்சிருக்குற ஆளுக்குப் போடக் கூடாது. ஏன்னு கேக்குறீகளா? பூ வித்தது நான். எங்க போடணும்னு சொல்ல எனக்கு உரிமை இல்லையா?

கோவிச்சுக்கிட்டீகளா? வாங்க, இப்படி நெழல்ல வந்து உக்காருங்க. எந்த ஊரு பஸ்ஸுக்கு நிக்கிறீக? அடப் பாவமே, அது இப்பத்தான போச்சு. இனி அடுத்த வண்டி அது இஷ்டத்துக்குத்தான் வரும். உக்காருங்க. மாலைய மடியில வச்சுக்கங்க, தண்ணி தெளிச்சுத்தான் குடுத்திருக்கேன், வாடாது.

அந்தத் தவுல்காரரு இருக்காரே, அவரு எங்க வீட்டுக்காரரு. ஆமா தம்பி, நெசமாத்தான். மொகத்தப் பாருங்க, மீசையப் பாருங்க, எடது காது கொஞ்சம் மடங்கி இருக்கா? அச்சு அசலா அவுகளேதான். பேரு சொல்ல மாட்டேன், புருசன் பேரச் சொல்லி எனக்குப் பழக்கமில்ல. பழனி மலைச் சாமி கையில கோல் வச்சுக்கிட்டு நிக்கிதுல்ல, அந்தப் பேருன்னு வச்சுக்கங்க. என் பேரு குருவம்மா.

இந்த எடம் முன்ன வெறும் மண்மேடு. மாடு படுத்துக் கெடக்கும். பஸ் ஸ்டாண்டு வாசல்ல எடம் இப்படிக் கெடக்குதேன்னு நகராட்சியில நீரூத்து கட்டுனாக. நம்ம ஊரு ஆட்டம் பாட்டமெல்லாம் வந்து போறவுகளுக்குத் தெரியணும்னு கரகம், நாயனம், தவுலு, பொய்க்கால் குதிரை, அந்தப் பக்கம் ஒரு காளைன்னு செலை வச்சாக. காளைக்கு ஒரு கொம்பு ஒடஞ்சு போச்சு, அதக் கேக்க நாதியில்ல. கரகச் செம்புல இருந்து தண்ணி பீச்சியடிக்கிதா? சுத்தி நிக்கிற ஒவ்வொரு ஆளு காலடியிலயும் ஒரு சின்னக் குழாய் இருக்கு, அதுலயும் தண்ணி வரும். தவுல்காரரு காலடியில மட்டும் வரல பாத்தீகளா? அது ரிப்பேரு இல்ல. நாந்தான் பழைய சீலையக் கிழிச்சு, சுருட்டி, உள்ள அடைச்சு வச்சிருக்கேன். நகராட்சி ஆளு வந்து புடுங்கி எறிவான், என்னையத் திட்டுவான். அவன் தலை மறைஞ்சதும் நான் போயித் திரும்ப அடைச்சிருவேன். அவுக மேல தண்ணி படக் கூடாது தம்பி. சளி ஒடம்பு.

ஒடம்பு விசயத்துல அவுகளுக்கு ரொம்பப் பாக்கணும். கல்யாணமாகி வந்து மொத மொத நான் ஆக்கிப் போட்டது எண்ணெய்க் கத்திரிக்கா. அது அவுகளுக்கு ஆகாதுன்னு எனக்கு யாரு சொன்னா? மனுசன், புதுப் பொண்டாட்டி மொகம் வாடிரக் கூடாதுன்னு, ஒரு வார்த்தை பேசாம வழிச்சுத் தின்னுட்டாக. கொஞ்ச நேரத்துல மொகமெல்லாம் வீங்கி, மேலெல்லாம் தடிப்பா எந்திரிச்சு, மூச்சு இழுக்குது. ஆட்டோவுல போட்டு ஆசுபத்திரிக்கு ஓடுனோம். டாக்டரு, இனிமே கத்திரிக்காய இவரு கண்ணுல காட்டாதீங்க, உசுருக்கே ஆபத்துன்னு சொல்லிட்டாரு. எங்க மாமியா, வந்த ஒடனே எம்மகனுக்கு எமனா வந்தியேடின்னு ஒப்பாரி வச்சுச்சு. அதுக்கப்புறம் எங்க வீட்டு நடையில கத்திரிக்கா ஏறுனதே இல்ல. கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்தாக்கூட, சாம்பார்ல கத்திரிக்கா கெடக்கான்னு நாந்தான் கெளறிப் பாத்து ஊத்தச் சொல்லுவேன்.

சரி, செலைக்கு வாரேன். செலை செய்யிறவரு வெளியூர்க்காரரு. ஆளுகள நிக்க வச்சுப் பாத்துத்தான் செய்வேன்னாரு. தவுலுக்கு எங்க வீட்டு மனுசன் நின்னாக. கரகத்துக்கு ஒரு பொம்பள வேணும்னதும் அவுக நேரா வீட்டுக்கு வந்து, "குருவம்மா, நீ வந்து நில்லு"ன்னாக.

"எனக்கு ஆடத் தெரியுமா?"

"ஆடவா சொன்னேன்? செம்பத் தலையில வச்சுக்கிட்டுச் சும்மா நில்லு. இந்த ஊரு உள்ள வரைக்கும் நம்ம ரெண்டு பேரும் சேந்து நிக்கலாம்ல."

நல்லா இருக்கே நாயம்! குடும்பப் பொம்பள நடுரோட்டுல செலையா நிப்பாளா? போய்யா, போய்ச் சோலியப் பாருன்னுட்டேன். மறுநாளும் வந்து கேட்டாக. நான் அடுப்பப் பாத்துக்கிட்டு திரும்பவே இல்ல. அப்புறம் என்ன பண்ணாக தெரியுமா? சொர்ணத்தக் கூட்டிக்கிட்டுப் போய் நிறுத்திட்டாக. அவ இவுக செட்டுல ஆடுறவ. புருசனப் பறிகுடுத்துட்டு, ஆடிச் சம்பாரிச்சு ஒரு மகன வளத்தவ. எம்புட்டு நாளாப் போட்ட திட்டமோ!

எனக்கு மொதல்ல இருந்தே சந்தேகந்தான். அவுகள வாய் நெறைய அண்ணன், அண்ணன்னு கூப்புடுவா. என்னைய மதினிம்பா. அண்ணன்னு கூப்புட்டுட்டா ஆச்சா? அந்தக் கண்ணப் பாருங்க தம்பி, தவுலு மேல கையி, கண்ணு எங்க? அவ பக்கந்தான? நான் இதக் கேட்டா, "அடி கிறுக்கி, ஆடுறவ காலப் பாத்துத்தான் அடிக்கணும், இல்லாட்டி தாளம் தப்பிரும்"பாக. எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருப்பாக.

அவ போயி செலைக்கு நின்னதுல இருந்து நான் அவுக கூடப் பேசுறத விட்டுட்டேன். சோறு வைப்பேன், தண்ணி வைப்பேன், பேச மாட்டேன். சிரிச்சுப் பாத்தாக, கோவிச்சுப் பாத்தாக, நான் அசைஞ்சு குடுக்கல. வைகாசி மாசம் மலையடிவாரத்துல ஒரு கோயில் திருவிழாவுக்கு ஆட்டம். வாசல்ல நின்னு, "போயிட்டு வாரேன் குருவம்மா"ன்னாக. நான் பூத் தொடுத்துக்கிட்டே இருந்தேன். கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போயிட்டாக. வரட்டும், வந்ததும் நாக்கப் புடுங்குற மாதிரி நாலு கேள்வி கேப்போம்னு இருந்தேன்.

வரல.

ஆட்டம் முடிச்சு வேனுல திரும்புறப்ப மலையில மழையாம். தரைப்பாலத்துல தண்ணி ஓடிருக்கு. போயிரலாம்னு டிரைவரு எறக்கிருக்கான். காட்டாத்து வெள்ளம் வந்து வேனச் சாச்சுருச்சுன்னாக. மத்தவுகெல்லாம் கரையேறிட்டாக. அவுக மட்டும் இல்லையாம். தீயணைப்புக்காரங்க தேடுனாக, ஊர்க்காரங்க தேடுனாக. தவுலு மட்டும் கண்மாய் மடையில ஒதுங்கிக் கெடந்துச்சு. ஆளு கெடைக்கல. கெடைக்காத ஆள எப்படித் தம்பி செத்துட்டாருன்னு சொல்றது? கண்ணால பாத்தாகளா? தவுலு கெடந்தா? தவுலத் தூக்கிக்கிட்டுப் போனா எங்க அடிச்சாலும் அந்தச் சத்தத்த வச்சு நான் கண்டுபுடிச்சிருவேன்ல. அதான் விட்டுட்டுப் போயிருக்காக. இதுகூடவா எனக்கு வெளங்காது?

சொர்ணம் ஈரச் சேலையோட வந்து எங்கால்ல விழுந்தா. "மதினி, அண்ணந்தான் என்னையத் தூக்கி வேன் மேல ஏத்திவிட்டாக. அடுத்த ஆளத் தூக்கத் திரும்புனாக, அதுக்குள்ள தண்ணி வந்துருச்சு மதினி." எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம், பூக்கூடையாலயே அடிச்சேன். அம்புட்டுப் பேரு இருக்கையில இவள எதுக்கு மொதல்ல தூக்கணும்? நீங்களே சொல்லுங்க. எங்கடி ஒளிச்சு வச்சிருக்க எம்புருசனன்னு கேட்டேன். அடிய வாங்கிக்கிட்டே கெடந்தா.

சொந்தக்காரங்க கூடி, தாலிய எறக்கணும், கருமாதி பண்ணணும்னாக. விட்டேனா? இந்தா பாருங்க பொட்டு, இந்தா தாலி. தெனமும் தொடுக்குற பூவுல மொத மொழம் என் தலைக்குத்தான். எம்புருசன் ஒருத்தியோட ஓடிப்போன ஆளு. ஓடிப்போனவருக்கு எவளாவது பூவ எடுப்பாளா?

அதுக்குப் பெறகுதான் நீரூத்தத் தொறந்தாக. நான் எட்டிக்கூடப் பாக்கல. பெறகு ஒருத்தி, புள்ளைக்கு அம்மை போட்டிருக்குன்னு வந்து, தலையில கரகம் இருக்குல்ல, மாரியாத்தா மாதிரியே இருக்காளேன்னு மஞ்சத்தண்ணி ஊத்திக் கும்புட்டிருக்கா. அம்மை எறங்கிருச்சு. அவ்வளவுதான், பரவிப்போச்சு. வெள்ளிக்கெழமையானா பொம்பளைக கூட்டம் தாங்காது. நானும் கூடையத் தூக்கிக்கிட்டு இங்க வந்துட்டேன். எங்க விக்குதோ அங்கதான உக்காரணும்? எந்தலையெழுத்தப் பாருங்க, நான் தொடுக்குற பூவு அம்புட்டும் அவ கழுத்துக்குப் போகுது. அதுலதான் எனக்குக் கஞ்சி. எங்க வீட்டு மனுசன் மேல காக்கா எச்சம் போட்டா மட்டும் நான் போயித் தொடச்சுவிடுவேன். வேற யாரு தொடப்பா?

போன வருசம் வைகாசியில நடந்தத இந்த ஊரே பாத்துச்சு. கலைஞர் சங்கத்துக்காரங்க மேளதாளத்தோட வந்தாக. தவுல்காரரு நெனவு நாளாம். ஆளு ஒசரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். அவுக படம், மேல கண்ணீர் அஞ்சலின்னு எழுத்து, பேருக்கு முன்னால அமரர்னு போட்டிருக்கு. பெரிய ரோசாப்பூ மாலை ஒண்ணு. எங்கிட்டக்கூட வாங்கல, வெளியில இருந்து வாங்கியாந்திருக்காக.

நான் தண்ணிக்குள்ள குதிச்சுட்டேன் தம்பி. பாசி வழுக்கி விழுந்து, எந்திரிச்சு, தவுலோட நிக்கிற அவுக கழுத்தக் கட்டிக்கிட்டேன். உசுரோட இருக்குற ஆளோட படத்துக்கு மாலை போடுவீகளாடா? செலைக்கு மாலை போடுவீகளாடா? ஒங்க வீட்டு ஆளுகளுக்குப் போடுங்கடான்னு கத்துனேன். சங்கத் தலைவரு நல்ல மனுசன், "குருவம்மா, சொன்னாக் கேளு தாயி, அவரு போயிட்டாரு, எங்களுக்கும் மனசு ஆறணும்ல"ன்னாரு. எங்கையில நாரு அறுக்குற கத்தி இருந்துச்சு. அந்த மாலை அவுக கழுத்துல விழுந்தா இந்தக் கத்தி எங்கழுத்துல விழும்னேன். வெளையாட்டுக்குச் சொல்லல. செஞ்சிருப்பேன்.

ஒரு பய கிட்ட வரல. போலீசுக்காரம்மா ஒண்ணு, அக்கா அக்கான்னு கெஞ்சுது. அப்பத்தான் கூட்டத்த வெலக்கிக்கிட்டு சொர்ணம் வந்தா. செருப்பக் கழட்டி வச்சுட்டுத் தண்ணிக்குள்ள எறங்குனா. அவ செலை மேல, தலையில செம்ப வச்சுக்கிட்டுச் சிரிச்சிக்கிட்டு நிக்கிது. இவ கீழ நிக்கிறா, அந்தத் தண்ணியெல்லாம் இவ தலையில விழுது. என்னையவே பாத்தா. எங்கையில இருந்த கத்தியப் பாத்தா. பெறகு கூட்டத்தப் பாத்துத் திரும்பி, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னா.

"மாலை போடாதீங்க. அவரு சாகல. எங்கூடத்தான் இருக்காரு."

சங்கத் தலைவரு, "சொர்ணம், என்ன பேசுற, வாயக் கழுவு"ன்னு அதட்டுனாரு. அவ மகன் கூட்டத்துலதான் நிக்கிறான், பக்கத்துல மருமக. அவ தலையக் குனியல. "நெசந்தான். வெளியூர்ல வச்சிருக்கேன். எடம் மட்டும் கேக்காதீங்க"ன்னு திரும்பச் சொன்னா.

கவனிச்சீகளா தம்பி? அண்ணன்னு சொல்லல. இத்தன வருசமா அண்ணன், அண்ணன்னவ, அன்னைக்கு அவருங்கிறா! அழுதா. குட்டு வெளிப்பட்டா அழுகை வரத்தான செய்யும்? கிட்ட வந்து மெதுவா எங்கையில இருந்த கத்திய வாங்குனா. நானும் குடுத்துட்டேன். எனக்கு எம்புட்டுச் சந்தோசங்குறீக! ஊரே என்னையக் கிறுக்கின்னு சொல்லிச்சே, இப்ப யாரு கிறுக்கி? மாலையச் சுருட்டிக்கிட்டு, ஃபிளெக்ஸ அவுத்துக்கிட்டுப் போனாக எல்லாரும்.

மகன் அவ துணிமணியத் தெருவுல எறிஞ்சுட்டான். எந்த செட்டுலயும் அவள ஆடக் கூப்புடுறதில்ல. அடுத்தவ புருசன வச்சிருக்கேன்னு நடுரோட்டுல சொன்னவளுக்கு எவன் பாக்கு வச்சு ஆட்டம் குடுப்பான்? இப்ப ஓட்டல்ல பாத்திரம் வெளக்குறா. இந்தச் செலைக்கு மாலை போட்டுக் கன்னத்துல போட்டுக்குறாக பாருங்க பொம்பளைக, அவுகளே அவ எதுத்தாப்புல வந்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறாக. நல்லா வேணும்னுதான் இருந்துச்சு எனக்கு. இப்ப... ரொம்பத்தான் எளைச்சுப் போயிட்டா.

ஒருநா கூப்புட்டுக் கேட்டேன். "ஒழுங்கா ஆக்கிப் போடுறியா அவுகளுக்கு?"

"போடுறேன் மதினி. ஆனா ஒங்க கைப்பக்குவம் எனக்கு வரல."

அப்படி வா வழிக்கு! அதுல இருந்து ஞாயித்துக்கெழமையானா நான் ஆக்கித் தூக்குச்சட்டியில போட்டுக் குடுத்துருவேன். மொச்சை போட்ட கருவாட்டுக் கொழம்பு, கோழி வாங்குனாக் கோழி. அவ வாங்கிக்கிட்டுப் போவா. மறுநா தூக்குச்சட்டி காலியா வரும், பளிச்சுன்னு வெளக்கி. பக்கத்துல உக்காரச் சொல்லி நான் கேப்பேன். இருமல் எப்படி இருக்கு? விட்டுருச்சு மதினி. வெத்தலையக் கொறச்சாகளா? கொறச்சுட்டாரு. என்னையப் பத்தி எதும் பேசுறாகளா? தெனமும்தான் மதினி, குருவம்மாவுக்குக் கோவம் தீந்துச்சான்னு கேக்குறாரு. தீரலன்னு போய்ச் சொல்லுன்னு சொல்லுவேன். சரி மதினின்னுட்டுப் போவா. அவ வந்து போற அன்னைக்கு எனக்கு நல்லாத் தூக்கம் வரும் தம்பி.

போன ஞாயித்துக்கெழம, எதுக்குச் செஞ்சேன்னு எனக்கே தெரியல. சந்தையில கத்திரிக்கா குமிச்சு வச்சிருந்தான். பிஞ்சு, காம்பு வாடாம இருந்துச்சு. கை தன்னால போயி எடுத்துருச்சு. இத்தன வருசங்கழிச்சு எங்க வீட்டு அடுப்புல கத்திரிக்கா. அந்தப் பழைய மாதிரியே எண்ணெய்க் கத்திரிக்கா, புளி கரைச்சு, எள்ளு வறுத்துப் பொடிச்சுப் போட்டுச் செஞ்சேன். தூக்குச்சட்டியில போட்டு மூடிக் குடுத்துட்டேன். என்ன கொழம்புன்னு அவ கேக்கல, நானும் சொல்லல. வழியில தொறந்து பாத்துட்டு, இது அவருக்கு ஆகாதே மதினின்னு ஓடி வருவான்னு, இந்தா, இந்த எடத்துலயே பொழுது சாயுற வரைக்கும் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

மறுநா வந்தா. சட்டிய வாங்கித் தொறந்தேன். காலி.

"சாப்பிட்டாகளா?"

"சாப்பிட்டாரு மதினி."

"எல்லாத்தையுமா?"

"வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டாரு. ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லச் சொன்னாரு."

நான் ஒண்ணும் கேக்கல தம்பி. ஒடம்பு எதும் பண்ணுச்சான்னுகூடக் கேக்கல. சட்டிய மூடி மடியில வச்சுக்கிட்டேன். அவ வாரேன் மதினின்னு போயிட்டா. அன்னைக்கு முழுசும் எனக்குப் பூவே கட்ட ஓடல. நாரு எங்க போகுது, பூ எங்க போகுதுன்னு தெரியல.

மொத நாளும் அப்படித்தான தின்னாக? எம்மனசு நோகக் கூடாதுன்னு வாயத் தொறக்காமத் தின்னாகளே. அந்த மாதிரித் தின்னிருப்பாகளோ? இல்ல, ஒடம்பு மாறிருக்கும். சின்ன வயசுல ஆகாதது வயசானா ஆகும்னு சொல்றாகல்ல?

நாளைக்கு ஞாயித்துக்கெழம. மொச்சை ஊறப் போட்டிருக்கேன், கருவாடு வாங்கிட்டேன். கத்திரிக்கா வாங்கல. இனி வாங்கவும் மாட்டேன். அரிசிதான் கொஞ்சம் கூடப் போடணும். அவளுக்கும் சேத்து வச்சுக் குடுக்கலாம்னு இருக்கேன். ஓட்டல்ல என்னத்தப் பெருசாப் போட்டுறப் போறான்.

அந்தா வருது பாருங்க ஒங்க பஸ்ஸு. மாலைய இப்படிக் குடுங்க, அவளுக்கே நான் போட்டுர்றேன். தம்பி, ஒரு நிமிசம். நீங்க படிச்ச புள்ள மாதிரி இருக்கீக. மனுசனுக்கு ஒடம்பு மாறும்ல? முன்ன ஆகாத கத்திரிக்கா இப்ப ஆகும்ல?

படியில கால வச்சுட்டீகளே தம்பி. மாறும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு ஏறுங்க.